விமான இறக்கையின் தூக்குவிசை

பறக்கும் விமானத்தின் எடையைத் தாங்கும் விசை தூக்குவிசை. காற்றோட்டத்தின் திசைக்குச் செங்குத்தாகச் செயல்படும் இவ்விசையின் பெரும்பகுதி இறக்கைகளில் பிறக்கிறது. எஞ்சின் விமானத்தை முன்னே செலுத்த, எதிர்ப்படும் காற்றை இறக்கை கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதே அளவு விசையுடன் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது.

காற்றைத் திருப்புவதில் அடிப்பரப்பைவிட மேற்பரப்புக்கே பங்கு அதிகம். மேல்வளைவை ஒட்டி ஓடும் காற்று கீழ்நோக்கி வளைய வேண்டுமானால், பரப்பின் அருகே அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். அழுத்தம் குறைந்த பகுதிக்குள் நுழையும் காற்று வேகமெடுக்கும் என்கிறது பெர்னூலியின் சமன்பாடு. ஆகவே நியூட்டனா, பெர்னூலியா என்ற வாதத்துக்கே இடமில்லை. இருவரும் சொல்வது ஒரே நிகழ்வைத்தான். ஈரப்பதம் மிகுந்த நாளில் தரையிறங்கும் விமானத்தின் சன்னலோரம் அமர்ந்தால் அழுத்தக் குறைவைக் கண்ணாலேயே காணலாம்: இறக்கையின் மேல் காற்று விரிந்து குளிர்ந்து, நீராவி வெண்படலமாகத் தோன்றி மறையும்.

தேவைப்படும் அழுத்த வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. சுமார் 78 டன் எடையுடன் கிளம்பும் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 122 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 640 கிலோ சுமை; கடல்மட்டக் காற்றழுத்தத்தில் இது 6 சதவீதம்தான்.

மேல்பக்கம் செல்லும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழ்க்காற்றுடன் ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேர வேண்டியிருப்பதால் அது விரைகிறது என்ற விளக்கம் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அது தவறு. அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் படம்பிடித்தபோது, மேலே சென்ற புகை கீழே சென்றதை முந்திக்கொண்டு பின்விளிம்பைக் கடந்தது. மேலும், அந்த விளக்கம் சரியென்றால் தட்டையான இறக்கை கொண்ட காகித விமானமோ, தலைகீழாகப் பறக்கும் சாகச விமானமோ வானில் நிற்க முடியாது.

அவை பறக்கக் காரணம் தாக்குகோணம், அதாவது எதிர்க்காற்றுக்கு இறக்கை காட்டும் சாய்வு. சாய்வு கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் மேற்பரப்பைக் காற்று ஒட்டி ஓட முடியாமல் பிரிந்து, தூக்குவிசை சட்டெனச் சரியும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தூக்குவிசையைக் கணக்கிடும் கோட்பாட்டை ஜெர்மனியின் குட்டாவும் ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியே வகுத்தனர். இறக்கையின் பரப்பு, காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருமடி ஆகியவற்றுக்கு ஏற்ப இவ்விசை மாறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். தரையிறங்க வேகம் குறைக்கும்போது இழப்பை ஈடுகட்டவே இறக்கையின் பின்புறத்திலிருந்து ஃபிளாப்புகள் நீண்டு வளைகின்றன. சுமார் 3,250 மீட்டர் உயரத்திலுள்ள லே விமான நிலையத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால்பங்குக்கும் மேல் குறைவு. எனவே அங்கே அதே எடையைத் தூக்க விமானம் ஓடுபாதையில் கூடுதல் வேகம் எடுத்தாக வேண்டும். வெயில் ஏறினால் காற்று இன்னும் அடர்த்தி குறையும் என்பதால், காலை நேரமே அங்கு விமானங்களுக்கு உகந்தது.