வெள்ளிவிழாக் காசும் ஏலக்காட்டுக் கூலியும்

1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு இந்திய அரசு ஒரே படத்தை இரண்டு உலோகங்களில் அடித்தது: பத்து ரூபாய் வெள்ளியில், ஐம்பது காசு செம்பு-நிக்கலில். நாடாளுமன்றத்தின் முன் கொடியோடு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும். வெள்ளி என்று பெயர், பாதிதான் வெள்ளி. 1969இன் காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதம் வெள்ளி. இது 22.5 கிராம், 50 சதம். கணக்குப் போட்டால் காந்தியிடம் 12 கிராம், சுதந்திரத்திடம் 11.25. உருவம் பெருத்து வெள்ளி இளைத்ததைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

அதைவிட உறுத்துவது அந்தப் பெண் பிம்பம். போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தால் அவள் யார்? போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களில் பெண்களே அதிகம். 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வீடு ஒரு மாநிலத்தில், கூலி இன்னொன்றில். ஆகஸ்ட் 15 வருவதோ காய் எடுப்பு தொடங்கும் பருவத்தில். தோட்டத்துப் பதிவேட்டில் பேர் இருந்தால் சம்பளத்தோடு விடுமுறை. இல்லாத தினக்கூலிக்கு, 'இன்னிக்கு வேலை கெடையாது', அவ்வளவுதான்.

பத்து ரூபாய் பெட்டிகளுக்குள் போய் அடைந்தது. கூலிக்காரியின் கையில் புழங்கியது அந்த எட்டணாதான். கொடி பிடித்த பெண்ணைக் கொடுத்துத் தீப்பெட்டியும் வெற்றிலையும் வாங்கியிருப்பாள்.