கௌதாரிக்கு எங்கள் ஊர்ப் பேர்

புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையில் விடியற்காலை சைக்கிளை நிறுத்தினால் முதலில் காதில் விழுவது கௌதாரிதான். புதருக்குள் ஒளிந்துகொண்டு ஓயாமல் கத்தும். வெளியே தலைகாட்டினால் உடம்பெல்லாம் பழுப்பு வரி, தொண்டையைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டியது போல ஒரு கோடு. என் தாத்தாவுக்கு அது குழம்புப் பறவை. அதன் அறிவியல் பெயரில் 'பாண்டிசெரியானஸ்' என்று எங்கள் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

காரணம், பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா. 1748இல் லியோனில் பிறந்தவர். புதுச்சேரியில் தங்கி, இங்கே பார்த்த பறவைகளை 1782இல் வெளியான தன் பயண நூலில் விவரித்தார். அதை வைத்துத்தான் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் 1789இல் கௌதாரிக்கும் மரக்கீச்சானுக்கும் நம்மூர்ப் பெயரைச் சூட்டினார். சாம்பல் காட்டுக்கோழிக்கு 1813இல் கிடைத்ததோ சொன்னராவின் பெயரே. அந்தச் சேவலின் பிடரி இறகில் மெழுகு சொட்டியது போலப் பொட்டுகள் இருக்கும். தூண்டிலில் பொய்ப்பூச்சி கட்டுவதற்கென்றே அந்த இறகுகள் சீமைக்குக் கப்பல் ஏறின.

சொன்னராவை முழுசாக நம்பவும் முடியாது. நியூகினியில் பென்குவின் இருப்பதாக எழுதியவர்! பறவையைச் சுட்டுப் பாடம் செய்து படித்த காலம் அது. பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. ஊசுட்டேரி சரணாலயமானதே 2008இல்தான்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியைப் பிடிப்பது குற்றம். யாராவது கூண்டோடு விற்க வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.