ஆங்கிலத்தில் சொல் இடம் மாறினால் அர்த்தமே மாறுவது ஏன்? வாக்கிய அமைப்பின் அடிப்படை இதுதான்!

டென்ஸ் அட்டவணை மனப்பாடம். வார்த்தைகளும் ஓரளவு தெரியும். ஆனாலும் இன்டர்வியூவில் நாலு வாக்கியம் பேசணும்னா தடுமாற்றம். பலருக்கும் இருக்கும் பிரச்னை இது. பெரும்பாலும் சிக்கல், வார்த்தைகளை அடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. மொழியியல் இதை எப்படி விளக்குகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

வரிசைதான் இலக்கணம்

'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும், 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் கடிபட்டது மனிதன்தான். 'ஐ' என்ற வேற்றுமை உருபு அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. 'தி டாக் பிட் தி மேன்' என்றால் நாய் கடித்தது. அதே சொற்களை இடம் மாற்றி 'தி மேன் பிட் தி டாக்' என்றால், மனிதன் நாயைக் கடித்துவிட்டான். அதாவது, பிரேக்கிங் நியூஸ்!

வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், அதாவது சப்ஜெக்ட். வினைக்குப் பின்னால் நிற்பது செயப்படுபொருள், அதாவது ஆப்ஜெக்ட். தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது.

முன்பு அப்படி இல்லை

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை உண்டு. இன்று எல்லா இடத்திலும் வரும் 'தி' என்ற சொல்லுக்குப் பதிலாக, நாய் எழுவாயாக வந்தால் 'சே' என்றும், செயப்படுபொருளாக வந்தால் 'தோனே' என்றும் சொல்வார்கள்.

சொல்லின் கடைசி அசைகள் உச்சரிப்பில் மெல்ல மெல்லத் தேய்ந்தன. 9-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களோடு கலந்து பேசியதும் இந்த மாற்றத்துக்கு உதவியது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. உருபுகள் போனதும், யார் யாரைச் செய்தது என்று காட்ட வரிசை இறுகிவிட்டது. 'ஹி - ஹிம்', 'ஷி - ஹெர்' போன்ற சுட்டுப்பெயர்களில் பழைய வேற்றுமையின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

எழுவாய் கட்டாயம்

'வந்தேன்' என்று ஒரே சொல்லில் தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். வந்தது யார் என்பதை 'ஏன்' என்ற விகுதி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் வந்தது நானா, நீயா, அவர்களா? தெரியாது. அதனால் 'ஐ கேம்' என்றுதான் சொல்லணும்.

எழுவாய் இல்லாத இடத்திலும் ஒன்றை நிரப்பியாக வேண்டும். 'இட் இஸ் ரெயினிங்' என்பதில் 'இட்' எதைக் குறிக்கிறது? எதையும் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சொல் தனியாக நிற்பதில்லை

'தி பாய் இன் தி ப்ளூ ஷர்ட் இஸ் லாஃபிங்' என்ற வாக்கியத்தில் முதல் ஆறு சொற்களும் சேர்ந்துதான் எழுவாய். அத்தனையையும் எடுத்துவிட்டு 'ஹி' என்று ஒரே சொல்லை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். கேள்வியாக மாற்றும்போது 'இஸ்' அந்த ஆறு சொற்களையும் தாண்டி முன்னால் வரும்.

இப்படி ஒன்றாக இயங்கும் கூட்டத்தை மொழியியலில் தொடர் என்கிறார்கள். 1957-ல் நோம் சாம்ஸ்கி எழுதிய நூலுக்குப் பிறகு, வாக்கிய ஆய்வின் மையத்துக்கே இந்தப் பார்வை வந்தது.

'டிட் யூ வென்ட்' ஏன் தப்பு?

'இஸ்', 'கேன்' போன்ற துணைவினை இருந்தால் கேள்விக்கு அதுவே முன்னால் வரும். இல்லாவிட்டால் 'டூ' வந்து கைகொடுக்கும். 'யூ வென்ட்' என்பதைக் கேள்வியாக்கினால் 'டிட் யூ கோ?'

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. காலம் காட்டும் வேலையை முதலில் வரும் வினை மட்டும்தான் செய்யும். 'டிட்' இறந்த காலத்தை எடுத்துக்கொண்டதால், 'வென்ட்' மறுபடியும் 'கோ' ஆகிவிடுகிறது. 'ஹி டஸ் நாட் கோஸ்' தப்பு என்பதற்கும் இதே காரணம்தான்.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வரும். 'மேசை மேல்' என்று நாம் சொல்வது அங்கே 'ஆன் தி டேபிள்' என்று தலைகீழாகும். இரண்டு அமைப்புமே உலக மொழிகளில் மிகப் பரவலானவைதான். ஒன்று சரி, இன்னொன்று தப்பு என்று இல்லை.

அதனால் பேசும்போது முதலில் யார், அடுத்து என்ன செய்தார், பிறகு யாரை அல்லது எதை என்று மூன்றே இடங்களை நிரப்பிப் பழகுங்கள். எங்கே, எப்போது என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும். இந்த எலும்புக்கூடு நாக்கில் படிந்துவிட்டால், டென்ஸ் அட்டவணையை எங்கே பயன்படுத்துவது என்பது தானாகப் புரிய ஆரம்பிக்கும்.