டயட்டில் இருக்கும்போது மலச்சிக்கலா? காரணங்களும் தீர்வுகளும்

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் நம் வீடுகளில் முதலில் நிற்பது சோறு. அடுத்து இட்லி, இடியாப்பம், பரோட்டா எல்லாம் நின்றுவிடும். முட்டை, கோழி, மீன், மோர் என்று சாப்பாடு மாறும். எடை குறையத் தொடங்கிய மகிழ்ச்சியோடு கூடவே இன்னொரு தொல்லையும் வந்து சேரும். மூன்று நாள், நான்கு நாள் ஆகியும் மலம் சரியாகப் போகாது. இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, மெடிக்கலில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் பலர். டயட்டையே விட்டுவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. சாப்பாட்டில் சில மாற்றங்கள் செய்தாலே போதும்.

எது மலச்சிக்கல்?

தினமும் ஒரு முறை போயே ஆக வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பானதே. சாப்பாட்டின் அளவு குறைந்தால் மலத்தின் அளவும் குறையும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, சிரமமில்லாமல், மென்மையாகப் போனால் கவலை வேண்டாம். மலம் கட்டியாகவும் உருண்டை உருண்டையாகவும் இருப்பது, முக்கிப் போக வேண்டியிருப்பது, போன பிறகும் முழுமையாகப் போகாத உணர்வு, வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது ஆகியவைதான் மலச்சிக்கலின் அடையாளங்கள்.

டயட்டில் ஏன் வருகிறது?

சோற்றை நிறுத்தியதால்தான் மலச்சிக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஒரு கிராம் நார்ச்சத்துகூட இல்லை. சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்ட பருப்பு, கீரை, அவரை, பூசணி, கத்தரிக்காய் எல்லாம் சோற்றோடு சேர்ந்தே தட்டை விட்டுப் போய்விடுவதுதான் காரணம். அந்த இடத்துக்கு வரும் முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றில் நார்ச்சத்து சிறிதும் கிடையாது.

மற்ற காரணங்கள்:

1. தண்ணீர்: வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். குழம்பு, ரசம், கஞ்சி வழியாகவும் தண்ணீர் உள்ளே போகிறது. சாப்பாடு குறையும்போது இதுவும் குறைகிறது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ போன்ற முறைகளில் முதல் சில நாட்களில் உடலில் இருந்து கூடுதலாகத் தண்ணீர் வெளியேறும்.

2. காலை உணவைத் தவிர்ப்பது: சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலையில் இந்த அசைவு அதிகம். காலை உணவை விட்டால் இந்தத் தூண்டுதல் கிடைப்பதில்லை.

3. மாத்திரைகள்: டயட்டோடு சேர்த்து எடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் மலத்தைக் கட்டியாக்கலாம். எடை குறைப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் இப்போது போடப்படும் செமாகுளுடைடு ஊசிக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு.

என்ன சாப்பிடலாம்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. எடை கூடாமல் இதை அடைய முடியும்.

* வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது. பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு சுண்டலும் நல்லது. மாலையில் சமோசா, பஜ்ஜிக்குப் பதில் இவற்றைச் சாப்பிடலாம்.
* 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. ஆப்பிளைத் தோலோடு சாப்பிட வேண்டும். சாறாகக் குடித்தால் சர்க்கரை மட்டுமே மிஞ்சும்.
* மதியம் தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். கறி வைத்தாலும் அதோடு ஒரு கீரை, ஒரு பொரியல் அவசியம்.
* உலர் அத்திப்பழம் இரண்டை இரவில் ஊறவைத்துக் காலையில் சாப்பிடலாம். பேரீச்சம்பழமும் உதவும். ஆனால் இனிப்பு அதிகம் என்பதால் இரண்டு, மூன்றோடு நிறுத்துங்கள்.
* எண்ணெயை அறவே ஒதுக்க வேண்டாம். அளவான கொழுப்பு குடல் இயக்கத்துக்கு உதவும்.

ஒரே நாளில் நார்ச்சத்தை இரண்டு மடங்காக்கினால் வயிறு உப்பும், வாயு சேரும். இரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

தண்ணீரும் நடையும்

நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மென்மையாக்குகிறது. தண்ணீர் குறைவாக இருந்தால் சிக்கல் கூடவும் செய்யலாம். நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் குடியுங்கள். சிறுநீரக நோயும் இதய பலவீனமும் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. தினமும் அரை மணி நேர நடை எடையைக் குறைப்பதோடு குடலையும் இயங்கவைக்கும்.

காலை உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி வைத்தால் எளிதாகப் போகும். உணர்வு வரும்போது அடக்க வேண்டாம்.

திங்கள், வியாழன் நோன்பு வைப்பவர்கள் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். ஸஹரில் டீயோடு நிறுத்தாமல் ஒரு பழமும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேதி மாத்திரையால் எடை குறையுமா?

குறையாது. சாப்பாட்டின் கலோரிகள் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி மாத்திரைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில்தான் வேலை செய்கின்றன. தராசில் குறைவது தண்ணீர்தான். தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். உடல் மெலியும் என்று விற்கப்படும் சில டீத் தூள்களில் இருக்கும் நிலவாகை இலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. தொடர்ந்து எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து தளர்ச்சி வரும். இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று இளம் பெண்கள் இதை ரகசியமாக எடுப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

உணவு மாற்றம் மட்டும் போதவில்லை என்றால் முதலில் இசப்கோல் எடுக்கலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் எடுத்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு மருந்து எடுப்பதே பாதுகாப்பு.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* மலத்தில் ரத்தம் வந்தால், அல்லது மலம் கறுப்பாகத் தார் போல இருந்தால். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாமல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* 45 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் புதிதாக மாறினால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால்.
* டயட்டை நிறுத்திய பிறகும் எடை குறைந்துகொண்டே போனால். டயட்டின் பலன் என்று நினைத்து இதை விட்டுவிடக் கூடாது.
* எடை கூடுவதும் மலச்சிக்கலும் களைப்பும் சேர்ந்து இருந்தால் தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மலச்சிக்கல் இருக்கும் நாட்களில் தராசு சில நூறு கிராம் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து எடை ஏறிவிட்டது என்று பயந்து சாப்பாட்டை மேலும் குறைத்தால் சிக்கல் இன்னும் கூடும். அந்த நேரத்தில் தட்டில் கூட்ட வேண்டியது காய்கறியும் பயறும்தான். மலம் சரியாகப் போகத் தொடங்கிய பிறகு எடை பாருங்கள்.