தாது வருடப் பஞ்சமும் ஒரு பவுண்டு தானியமும்

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி உபவாசம் இருப்போரும், நம் சபைகளில் லெந்து நாட்களில் ஒருவேளை உணவை ஒறுப்போரும் அறிந்த பசி வேறு; மாதக்கணக்கில் அரைவயிற்றோடு உழைக்கும் உடல் அறியும் பசி வேறு. இவ்விரண்டாம் பசியைக் குறித்துச் சென்னை மாகாணத்தில் ஒருகாலத்தில் பெரும் வாதம் எழுந்தது.

1876-78 ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தின்போது, வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிளை இங்கு அனுப்பினார். டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அரை அணாவும் எனக் குறைத்தார். (1873-74 இல் வங்காள, பீகார்ப் பஞ்சத்தில் மிகுதியாகச் செலவிட்டார் என்று கண்டிக்கப்பட்டவரும் இவரே.) ஒரு பவுண்டு அரிசி தருவது ஏறத்தாழ 1,600 கலோரி. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் இன்றி உழைப்பாளியின் உடல் நிலைக்காது என்பது அவர் வாதம். சில மாதங்களுக்குள் அரசு கூலியை உயர்த்த நேர்ந்தது. ஆயினும் பலருக்கு அது காலங்கடந்த உதவியே. சென்னை முகாமில் மாண்டோரின் சடலங்களை ஆய்ந்த மருத்துவர் போர்ட்டர், அவர்கள் குடற்சுவர்கள் மெலிந்து போயிருக்கக் கண்டார். அவர்தம் நூல் 1889 இல் வெளிவந்தது. உணவு கிடைத்த பின்னும் பலர் மாண்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நிவாரண விதிகளோ, உதவி நாடுவோர் உழைப்பைத் தட்டிக்கழிப்பர் என்ற ஐயத்தின்மேல் எழுந்தவை. அந்த ஐயத்திற்கு விடை வேறொரு நாட்டில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. 1944 நவம்பரில் மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்களுள் குவேக்கர், மென்னோனைட்டர் முதலிய சமாதானத் திருச்சபையினர் பலர். 24 வாரம் அவர்கள் உண்டது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. டெம்பிளின் ஒரு பவுண்டு அரிசியும் ஏறத்தாழ இவ்வளவே! எடையில் நாலில் ஒரு பங்கு போயிற்று. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 55 இலிருந்து 35 அளவிற்குத் தாழ்ந்தது. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தி ஐந்தில் இரண்டு பங்கு சுருங்கியது. குளிர் வாட்டியது, கால்கள் வீங்கின, சிந்தை முழுவதும் உணவே ஆயிற்று. உடல் தன் தசையையே எரித்துக்கொண்டு, தைராய்டு சுரப்பின் வேகத்தைத் தணித்து, அசைவையெல்லாம் சிக்கனப்படுத்துகிறது. அதிகாரிகள் சோம்பல் எனக் கண்டது உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே எனலாம்.

மிஷனெரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஒங்கோலில் பாப்திஸ்து மிஷனெரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்துப் பஞ்சைகளுக்கு வேலை அளித்தார். நிவாரணம் ஓயும்வரை ஞானஸ்நானம் தர மறுத்தார். பின்னர் 1878 ஜூலை 3 அன்று மட்டும் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர் காத்திருந்தது போற்றத்தக்கதே. ஆனால் மின்னெசோட்டா இளைஞர்கள், உணவு பெருகிய பின்னரும் பல மாதங்கள் பசி தணியாமலே இருந்தனர்.