சீட்டாட்டம் விளையாட்டா? மூன்று தீர்ப்புகளும் ஒரு தங்கப் பதக்கமும்

"சீட்டாடுறவன் உருப்பட மாட்டான்" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். விடுதியில் வார்டன் செருப்புச் சத்தம் கேட்டதும் சீட்டுக்கட்டு தலையணை உறைக்குள் ஓடிவிடும். செஸ் போர்டு மட்டும் மேஜை மேலேயே இருக்கும். இரண்டுமே உட்கார்ந்த இடத்தில் ஆடுவதுதானே? ஒன்றுக்கு மட்டும் ஏன் மரியாதை?

நம் நாட்டில் இதற்கு முக்கியமான பதில் ஒரு போலீஸ் ரெய்டில் தொடங்கியது. 1963 மே மாதம் செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. கீழ்க்கோர்ட் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, மாநில அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967 நவம்பரில் நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்பு எழுதினார். மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியில்லை, விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: கிளப் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம். முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் பாதி பலருக்கு வசதியாக மறந்துவிடும்!

திறமை இருந்தால் விளையாட்டு ஆகிவிடுமா? பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். 52 சீட்டில் ஒருவர் கைக்கு 13 வருவதற்கு 63,501 கோடிக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நல்ல கை வந்தவன் ஜெயித்தால் அவனுக்கென்ன பெருமை? அதனால் போட்டிகளில் ஒரே சீட்டுகளைத் தட்டில் செருகி, மேஜைக்கு மேஜை அனுப்புவார்கள். நீங்கள் ஆடிய அதே கையை அடுத்த மேஜைக்காரரும் ஆடுவார். மதிப்பெண் அவரோடு ஒப்பிட்டுத்தான். மோசமான கை வந்தாலும் மற்றவர்களைவிடக் குறைவாகத் தோற்றால் நீங்கள்தான் முன்னணி. கிரிக்கெட்டில் டாஸ் இன்னும் அதிர்ஷ்டம்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

1999-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பிரிட்ஜை அங்கீகரித்தது. ஆனால் ஒலிம்பிக்ஸில் இடம் தரவில்லை. அங்கீகாரம் வந்தால் ஊக்கமருந்துச் சோதனையும் வரும் அல்லவா? உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான ஹெல்கெமோ சோதனையில் சிக்கி 2019-ல் சஸ்பெண்ட் ஆனார். சீட்டுப் பிடிக்க எதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று ஊரே சிரித்தது. இங்கிலாந்தில் வேறு கூத்து. அங்கே அறக்கட்டளைச் சட்டம் மனத்திறன் ஆட்டத்தையும் விளையாட்டு என்கிறது. ஆனால் 2017 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், போட்டிக் கட்டணத்துக்கு வரிவிலக்கு கேட்ட பிரிட்ஜ் சங்கத்திடம், உடலுழைப்பு இல்லாதது விளையாட்டு ஆகாது என்று கையை விரித்துவிட்டது.

அதற்கு அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்ந்தது. 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். நம் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்கவும்!

என்னைக் கேட்டால், உடல் அசைகிறதா என்பது கேள்வியே அல்ல. பணம் யார் பைக்குப் போகிறது என்பதுதான். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது ஏட்டு விவகாரம் இல்லை. செகந்திராபாத்தில் பிறந்த 'திறமை' என்ற அதே சொல்லைக் கேடயமாகப் பிடித்துத்தான் செல்போன் ரம்மி கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. தமிழ்நாட்டில் பலர் கடனாளியாகி உயிரை விட்டார்கள். அரசு தடை கொண்டுவந்தது; 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழுவுக்குப் பிறகு வந்த புதிய தடையிலிருந்தும் 2023 நவம்பரில் ரம்மி தப்பியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவும் கூடாது என்றது.

நம் சங்கத்தின் போட்டிப் பட்டியலில் செஸ்ஸும் கேரமும் உண்டு, சீட்டு இல்லை. அடுத்த சந்திப்பில் ஆறு மேஜை போட்டு, ஒரே கைகளைச் சுற்றவிட்டு, காசில்லாமல் ஒரு பிரிட்ஜ் போட்டி நடத்தலாம் என்று விளையாட்டுக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். சீட்டுக்கட்டுகள் என் பொறுப்பு.