பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பது ஏன்? ஒகேனக்கல் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

மேல்விஷாரம், ஆற்காடு பக்கமிருந்து லீவு நாளில் வேன் பிடித்து ஒகேனக்கல் போகிறவர்கள் அதிகம். வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாகப் போய் பரிசல் ஏறினால், கொஞ்ச தூரத்திலேயே ஓட்டி "எல்லாரும் இறங்குங்க" என்பார். பிறகு பரிசலைக் கவிழ்த்து தலையில் போட்டுக்கொண்டு பாறை மேல நடக்க ஆரம்பித்துவிடுவார். "காசு கொடுத்தது நடக்கவா?" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

ஏன் இறக்கி விடுறாங்க?

ஒகேனக்கலில் காவிரி ஒரே ஆறாக ஓடுவதில்லை. பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, அருவிகளாக விழுந்து, மறுபடி சேருகிறது. மேலே ஓடும் தண்ணீருக்கும் கீழே பள்ளத்தில் ஓடும் தண்ணீருக்கும் நடுவே படகுக்கு வழி கிடையாது. பாறை மேல் தூக்கிப்போவது மட்டும்தான் வழி. ஆளோடு பரிசலை அந்த இறக்கத்தில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எப்படி தூக்குறாங்க?

பரிசல் மூங்கில் பின்னிய வட்டக் கூடை. சுமார் 7 அடி அகலம். ஓட்டி அதை விளிம்பில் நிமிர்த்தி, உள்ளே குனிந்து நுழைந்து, பாரத்தைத் தலையிலும் முதுகிலும் வாங்கிக்கொள்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை நடப்பது போல இருக்கும். கவிழ்த்த கூடைக்குள் இருப்பவருக்கு முன்னால் சில அடி தரைதான் தெரியும். காற்று அடித்தால் அகலமான கூடை ஆளையே திருப்பிவிடும். பாசி படிந்த பாறை வேறு. அதனால் அவர் வழியில் நின்று செல்ஃபி எடுக்காதீங்க. விழுந்தால் அவருக்கும் அடி, உங்களுக்கும் அடி.

தோலுக்கும் பரிசலுக்கும் என்ன உறவு?

தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன நம்ம பகுதிக்காரர்களுக்கு இது சுவாரசியமான விஷயம். பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் வருவதற்கு முன், பரிசலின் அடிப்பக்கம் தோலால்தான் போர்த்தப்பட்டது. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசிய வணிகர் டொமிங்கோ பயஸ், ஆனேகுந்தி அருகே துங்கபத்திரையில் இப்படிப்பட்ட தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். 15, 20 பேர் ஏறலாம், குதிரை, மாடுகூட கடக்கும், ஆனால் நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்கிறார். இன்றைக்கும் அந்தச் சுற்றலில் மாற்றமில்லை! தோலில் ஒரு சிக்கல் இருந்தது. தண்ணீர் குடித்தால் கனக்கும், காய வைக்காவிட்டால் அழுகும். தலையில் சுமப்பவருக்கு பிளாஸ்டிக் வந்தது நிம்மதிதான்.

வேறு நாடுகளில்?

வட அமெரிக்காவில் இதுவே பெரிய தொழிலாக இருந்தது. விலங்கு ரோமத் தோல் வியாபாரத்துக்காக கனூ படகில் போனவர்கள், அருவி குறுக்கிட்டால் படகையும் சரக்கையும் காட்டுவழியே சுமந்தார்கள். இன்றைய அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ் பாதை மட்டும் சுமார் 14 கிலோமீட்டர். ஒரு மூட்டை ஏறக்குறைய 41 கிலோ, ஆளுக்கு ஒரு நடையில் இரண்டு மூட்டை. அதோடு ஒப்பிட்டால் நம்ம ஒகேனக்கல் நடை குட்டிதான். ஆனால் அவர்கள் கூட்டமாகச் சுமந்தார்கள், இங்கே தனி ஆள்.

போகிறவர்கள் என்ன செய்யணும்?

லைஃப் ஜாக்கெட்டை பாறையில் நடக்கும்போதும் கழற்ற வேண்டாம், வழுக்கி விழுந்தால் கீழே ஆறுதான். எண்ணெய் மசாஜ் முடித்த காலோடு நேராகப் பரிசலுக்கு வராதீங்க. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பதைவிட கையைப் பிடித்து நடத்துவது நல்லது.

கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணீர் திறந்தால் இங்கே வரத்து கூடும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அதை அளக்கிறது. அளவு கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும், அத்தனை நாளும் ஓட்டிகளுக்கு வருமானம் கிடையாது. தடை நேரத்தில் கூடுதல் காசு காட்டி "ஒரு ரவுண்டு மட்டும்" என்று கேட்டு அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதாக இருந்தால், வேன் பேசும் முன்னாடியே தடை இருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிடுங்கள்.